பங்குச்சாமி வராத ஞாயிறுகளில் வாசகத்துக்கு ஏற்ற கதை: எங்கிருந்து எடுக்கிறீர்கள்?

சுருளிக்கரை கேட்டது:

வணக்கம். கம்பம் பள்ளத்தாக்கில் நாற்பத்திரண்டு குடும்பங்கள் உள்ள ஒரு கிளைக் கிராமத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் பங்குச்சாமிக்கு மொத்தம் ஆறு கிளைகள். மாதத்தில் இரண்டு ஞாயிறு எங்களுக்குத் திருப்பலி கிடைக்கும், மீதி ஞாயிறுகளில் இறைவார்த்தை வழிபாடுதான். வெகுகாலம் அதை நடத்திவந்த உபதேசியார் தாத்தா, கண் மங்கிவிட்டதால் மகன் வீட்டோடு போய்விட்டார். மறைக்கல்வி எடுக்கிறாய், டீச்சர் டிரெயினிங்கும் முடித்திருக்கிறாய், நீயே செய் என்று சாமி என்னிடம் ஒப்படைத்தார். ஜூனிலிருந்து செய்கிறேன்.

வாசகம் வாசிப்பது, மன்றாட்டு எழுதுவது, பாட்டு எடுத்துக்கொடுப்பது எல்லாம் சரியாகத்தான் போகிறது. நற்செய்திக்குப் பிறகு பத்து நிமிடம் பேசவேண்டுமே, அங்கேதான் தடுமாறுகிறேன். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் காலை நாலரைக்கு ஜீப்பில் ஏறி, கம்பமெட்டு தாண்டி ஏலத்தோட்ட வேலைக்குப் போய், இருட்டும் நேரத்தில் திரும்புகிறவர்கள். வாரத்தில் ஒரு நாள்தான் உட்காருகிறார்கள். உட்கார்ந்ததும் கண் சொருகிவிடும். அவர்களைக் குறை சொல்லமாட்டேன், என் அம்மாவும் அந்த ஜீப்பில் போகிறவர்தான்.

கதை சொன்னால் நிமிர்ந்து உட்காருவார்கள் என்றார்கள். ஜூலையில் விதைப்பவர் உவமை வந்தபோது ஒரு கதை சொன்னேன். ராஜா எல்லா வாலிபர்களுக்கும் விதை கொடுப்பார், ஒருவன் மட்டும் காலித் தொட்டியோடு வருவான், ராஜா கொடுத்தது வேகவைத்த விதை, அவன் உண்மை பேசியதால் அடுத்த ராஜா அவனே. உங்களுக்கும் தெரிந்திருக்கும். எல்லோரும் நன்றாகக் கேட்டார்கள். மறுவாரம் மறைக்கல்வியில் ‘போன ஞாயிறு இயேசு என்ன சொன்னார்?’ என்று கேட்டேன். ராஜா என்ன சொன்னார் என்று முழுசாகச் சொன்னார்கள். பாறை, முள், வழியோரம் ஒன்றும் யாருக்கும் நினைவில்லை. அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இப்போது பொதுக்காலம் 25ஆம் ஞாயிறு, முதல் ஆண்டு, எனக்கு வருகிறது. திராட்சைத் தோட்ட வேலையாட்கள் உவமை, விடியலில் வந்தவருக்கும் கடைசி ஒரு மணி நேரம் மட்டும் வேலை செய்தவருக்கும் தோட்டக்காரர் ஒரே கூலி கொடுப்பாரே, அது. திருவருகைக் காலத்திலிருந்து கிறிஸ்து அரசர் பெருவிழா வரை, அதாவது வழிபாட்டு ஆண்டு முழுக்க, ஒவ்வொரு ஞாயிறுக்கும் கதை எப்படித் தேடுவது? நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்? தயவுசெய்து சொல்லுங்கள்.

மேகமலைத் தம்பி எழுதியது:

அக்கா, எனக்கு வாட்ஸ்அப்பில் வந்தவற்றையெல்லாம் சேர்த்துவைத்திருக்கிறேன், நூற்றுக்கு மேல் இருக்கும். கழுகு நாற்பது வயதில் மலையுச்சிக்குப் போய் அலகைப் பாறையில் மோதி உடைத்து, இறகைப் பிடுங்கி, புது அலகு முளைத்து இன்னும் முப்பது வருடம் வாழ்கிற கதை இருக்கிறதே, அதைத் தவக்காலத்துக்கு எங்கள் இளைஞர் கூட்டத்தில் சொன்னேன், எல்லோரும் கைதட்டினார்கள். புனித வெள்ளிக்கு ரயில் பாலத்துக்காரர் கதை. ஒட்டகமும் ஊசிக்காதும் வருகிற ஞாயிறுக்கு, எருசலேமில் ‘ஊசிக்காது’ என்று ஒரு சின்ன வாசல் இருந்ததாம், ஒட்டகம் சுமையை இறக்கிவிட்டு முழங்காலிட்டுத்தான் நுழையுமாம், அது. வேண்டுமானால் அனுப்புகிறேன்.

மடத்து ஜன்னல் எழுதியது:

தங்கச்சி, தம்பி, இரண்டு பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். நான் கன்னியர் மடத்தைச் சேர்ந்தவள். பத்தொன்பது வருடமாக மறைக்கல்வி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்துவருகிறேன்.

தம்பி, கோபித்துக்கொள்ளாதே. கழுகுக் கதை உண்மையில்லை. அலகு உடைந்த கழுகு இரை கிழிக்க முடியாமல் பட்டினியாலேயே செத்துப்போகும். திருப்பாடல் 103இல் இளமை கழுகின் இளமையைப்போல் புதிதாகும் என்று ஒரு வரி வருகிறது, உண்மைதான். ஆனால் அலகை உடைப்பது அதில் இல்லை. ஊசிக்காது வாசலும் அப்படித்தான், இயேசு காலத்து எருசலேமில் அந்தப் பெயரில் ஒரு வாசல் இருந்ததற்குச் சான்று எதுவும் கிடையாது. அந்தக் கதை என்ன செய்கிறது என்று பார். செல்வர் இறையாட்சிக்குள் நுழைவதைவிட ஒட்டகம் ஊசிக்காதில் நுழைவது எளிது என்று இயேசு ‘முடியாது’ என்ற பொருளில் சொன்னதை ‘கொஞ்சம் குனிந்தால் முடியும்’ என்று ஆக்கிவிடுகிறது. சீடர்கள் திகைத்துப்போய் ‘பின் யார்தான் மீட்புப் பெற முடியும்?’ என்று கேட்டார்களே, குனிந்து நுழைகிற வாசலுக்கா அவ்வளவு திகைத்தார்கள்?

ரயில் பாலக் கதைதான் எனக்கு நிரம்ப வருத்தம். ரயிலைக் காப்பாற்ற அப்பா பாலத்தை இறக்குகிறார், அடியில் விளையாடிக்கொண்டிருந்த மகன் நசுங்கிப்போகிறான். அந்தப் பையனுக்கு எதுவுமே தெரியாது. யோவான் 10இல் ஆண்டவர், ‘என் உயிரை என்னிடமிருந்து பறித்துக்கொள்பவர் எவருமில்லை. நானாகவே அதைக் கொடுக்கிறேன்’ என்கிறார். அந்த ஒரு வரியைக் கதை விழுங்கிவிடுகிறது. புனித வெள்ளியன்று ஒரு சின்னப் பையன் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு ராத்திரி முழுக்க அப்பா பக்கத்தில் படுக்கமாட்டேன் என்று அழுததை நான் பார்த்திருக்கிறேன்.

தங்கச்சி, வாசகங்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று தெரிந்துகொண்டால் தேடுவது பாதி சுலபம். இப்போதுள்ள மூன்றாண்டுச் சுழற்சி 1969இல் வந்தது. முதல் ஆண்டு மத்தேயு, இரண்டாம் ஆண்டு மாற்கு, மூன்றாம் ஆண்டு லூக்கா. யோவான் தவக்காலத்திலும் பாஸ்கா காலத்திலும் வருவார். மாற்கு சின்ன நற்செய்தி என்பதால், இரண்டாம் ஆண்டில் 17 முதல் 21 வரை ஐந்து ஞாயிறு யோவான் 6ஆம் அதிகாரம். எந்த ஆண்டு என்று சந்தேகம் வந்தால், ஆண்டை மூன்றால் வகுத்துப் பார், மிச்சமில்லாமல் வகுபட்டால் மூன்றாம் ஆண்டு. ஆனால் திருவருகைக் காலம் முதல் ஞாயிறிலேயே புது ஆண்டு பிறந்துவிடும் என்பதை மறக்காதே. அப்புறம், பொதுக்காலத்தில் முதல் வாசகத்தை நற்செய்திக்குப் பொருத்தமாகத் தேர்ந்திருக்கிறார்கள், இரண்டாம் வாசகம் தன் போக்கில் தனியாகப் போகும். மூன்றையும் ஒரே கதையில் கட்டப் பார்த்துத்தான் பலர் திணறுகிறார்கள். கட்டவேண்டியதில்லை.

கிறிஸ்து பிறப்புக்குக் கதை தேடி வெளியே போகவே வேண்டாம். குடிலில் மாடும் கழுதையும் வைக்கிறோமே, லூக்காவில் அவை உண்டா என்று பிள்ளைகளைத் தேடச் சொல். இருக்காது. ‘காளை தன் உடைமையாளனை அறிந்துகொள்கிறது’ என்கிற எசாயா முதல் அதிகாரத்திலிருந்து வந்து நிற்கின்றன. 1223இல் அசிசி பிரான்சிஸ் கிரேச்சோ என்ற ஊரில் வைக்கோலும் உயிருள்ள மாடும் கழுதையுமாகக் குடில் வைத்தார். ஒரு குடிலைக் காட்டியே அரை மணி நேரம் பேசலாம். பேசக் கூடாது, அது வேறு. மறையுரை எட்டு நிமிடத்தைத் தாண்டக் கூடாது, தாண்டினால் மக்கள் தூங்கிவிடுவார்கள் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2024 ஜூனில் வெளிப்படையாகவே சொன்னார்.

ஓரியூர்ப் பக்கத்து உபதேசி எழுதியது:

மகளே, தோத்திரம். எனக்கு எழுபத்தாறு வயது. பேரன் தட்டச்சு செய்கிறான், நான் சொல்கிறேன். 1971இல் உபதேசியாகச் சேர்ந்தேன். அதற்கு முன் வருடா வருடம் அதே வாசகங்கள்தான். மூன்றாண்டுச் சுழற்சி வந்த புதிதில் என்னிடம் சாமி ஒரு நீளக் கணக்கு நோட்டைக் கொடுத்து, ‘ஒவ்வொரு ஞாயிறுக்கும் மூன்று பக்கம் விடு, முதல் ஆண்டுக்குக் கருப்பு, இரண்டாம் ஆண்டுக்கு நீலம், மூன்றாம் ஆண்டுக்குச் சிவப்பு மையில் எழுது’ என்றார். அந்த நோட்டு இன்னும் இருக்கிறது. ஓரம் கரையான் தின்றுவிட்டது.

நீ கேட்ட அதே 25ஆம் ஞாயிறு, கருப்பு மை, 1978. அதில் நான் எழுதியிருப்பதைச் சொல்கிறேன்.

எங்கள் பக்கம் திராட்சை கிடையாது. தை அறுப்பில் நடப்பதை வைத்துக் கதை கட்டினேன். ஒரு சம்சாரி விடியலில் பத்துப் பேரை அறுப்புக்குக் கூட்டிப்போகிறார். சாயங்காலம் நாலு மணிக்கு மேற்கே மேகம் கட்டிவிட்டது. அறுத்த கதிர் வயலில் கிடக்கிறது, நனைந்தால் முளைத்துவிடும். ஓடிப்போய்ப் புளியமரத்தடியில் நின்றவர்களையெல்லாம் அழைத்துவந்து கட்டுக்கட்டாகக் களத்துமேட்டில் சேர்த்துவிட்டார். அந்தக் கடைசி ஒரு மணி நேர வேலை முழு நாள் வேலைக்குச் சமம், அதனால்தான் முழுக் கூலி என்று சொன்னேன். எனக்கே திருப்தியாக இருந்தது. மேகம் கட்டியதை நான் கையை விரித்துச் சொன்னபோது ஆட்கள் வாசல் பக்கம் திரும்பி வானத்தைப் பார்த்தார்கள்.

வழிபாடு முடிந்து வெளியே வந்தேன். வேப்பமரத்தடியில் ஒரு கிழவி உட்கார்ந்திருந்தாள். வலது கையில் மோதிரவிரலும் சுண்டுவிரலும் மடங்கியே இருக்கும், எப்போதோ விழுந்து எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. ‘ஏப்பா உபதேசி, மழைக்குப் பயந்துதான் ஆள் கூப்பிட்டான்னு வேதத்துல இருக்கா?’ என்றாள். இல்லை என்றேன். ‘எங்கள யாரும் வேலைக்குக் கூப்பிடலன்னு அவங்க சொன்னதா வாசிச்சியே, அத ஏன் விட்டுட்ட?’ என்றாள்.

அவள் அறுப்புக் காலம் முழுக்க விடியலில் அரிவாளோடு புளியமரத்தடிக்கு வருவாள். கொத்துக்காரர் தலையை எண்ணிக்கொண்டே வருவார், அவளிடம் வந்ததும் அடுத்த ஆளுக்குத் தாண்டிவிடுவார். அவள் உடனே வீட்டுக்குப் போகமாட்டாள். உச்சி வெயில் வரை அங்கேயே நிற்பாள். சீக்கிரம் போனால் யாரும் கூப்பிடவில்லை என்று மருமகளுக்குத் தெரிந்துவிடும். இதெல்லாம் எனக்கும் தெரிந்ததுதான், தினமும் அந்த வழியாகத்தான் சைக்கிளில் போவேன். ஆனாலும் அந்த வரியை வாசிக்கும்போது அவள் முகம் எனக்குத் தோன்றவில்லை, மேகம்தான் தோன்றியது. தோட்டக்காரர் செய்தது நம் கணக்குக்கு ஒத்துவரவில்லையே என்று, நானே ஒரு காரணம் செய்து அவர் கையில் கொடுத்திருக்கிறேன். அன்றைய முதல் வாசகம் என்ன தெரியுமா? ‘என் எண்ணங்கள் உங்கள் எண்ணங்கள் அல்ல.’ அதையும் நான்தான் வாசித்தேன்.

அன்றிலிருந்து ஒரு வழக்கம். திங்கட்கிழமை நற்செய்தியைச் சத்தமாக வாசிப்பேன், என் வீட்டுக்காரி கேட்டுக்கொண்டே அரிசி புடைப்பாள். புதன்கிழமை மறுபடி. எந்த வரியில் நான் வேகமாகத் தாண்டுகிறேனோ அதன் கீழே கோடு போடுவேன். கதை அந்த வரிக்குத்தான் வேண்டும். மற்ற இடமெல்லாம் ஆட்களுக்குத் தானே புரியும். வெள்ளிக்கிழமை வரை ஒன்றும் கிடைக்கவில்லையா, கதை இல்லாமலே வாசகத்தை இரண்டு தடவை நிறுத்தி நிதானமாக வாசித்துவிட்டு உட்கார்ந்துவிடுவேன். ஒருவரும் குறை சொன்னதில்லை.

இன்னொன்று, நீ சின்னப் பெண், இதைக் கட்டாயம் கேட்டுக்கொள். 1983, சிவப்பு மை, தவக்காலம் 4ஆம் ஞாயிறு, ஊதாரி மைந்தன். அந்த வருடம் எங்கள் ஊரில் ஒரு தம்பி தன் பங்கு நிலத்தை விற்றுவிட்டு வெளியூர் போய், எல்லாம் போன பிறகு திரும்பி வந்திருந்தான். அண்ணன் அவனோடு பேசுவதில்லை. நான் பெயர் சொல்லாமல், ஊர் சொல்லாமல், அந்தக் கதையைக் கோயிலில் சொன்னேன். ஐம்பது வீட்டு ஊரில் பெயர் சொல்லாவிட்டால் என்ன, யாருக்குத் தெரியாது? ‘மூத்தவன் மனமிரங்கி உள்ளே போனான், விருந்தில் தம்பியைக் கட்டிக்கொண்டான்’ என்று வேறு முடித்தேன். அண்ணன் எழுந்து வெளியே போனார். ஒன்றரை வருடம் அந்த வீட்டிலிருந்து ஒருவரும் கோயிலுக்கு வரவில்லை. தம்பி அடுத்த மாதமே மறுபடி ஊரை விட்டுப் போய்விட்டான்.

மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மோர் கொடுத்தார், குடித்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து லூக்கா 15ஐ எடுத்துப் பார்த்தேன். மூத்தவன் உள்ளே போனானா இல்லையா என்று இயேசு சொல்லவே இல்லை. அப்பா வெளியே வந்து கெஞ்சுகிறார், அவ்வளவோடு நிற்கிறது. அவர் மூடாமல் விட்ட கதவை நான் மூடிவிட்டேன். உயிரோடு இருக்கிறவர் கதையைச் சொல்வதானால் அவர் வீட்டுக்குப் போய், உட்கார்ந்து, கேட்டுவிட்டுச் சொல். கேட்கத் தயக்கமாக இருந்தால் அந்தக் கதை கோயிலுக்கு வேண்டாம்.

புனிதர் கதை சொல்வதாக இருந்தால் தூரத்துக்குப் போகாதே. யோபு வாசகம் இரண்டாம் ஆண்டு 5ஆம் ஞாயிறிலும் 12ஆம் ஞாயிறிலும் வரும். நட்டாலத்து நீலகண்ட பிள்ளை, திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர், கால்நடை செத்தும் பயிர் அழிந்தும் நொந்துபோயிருந்தபோது, டிலனாய் என்ற டச்சுத் தளபதி அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார். சொன்னவர் யார் என்று பார். 1741இல் குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்டவர். தன்னிடமிருந்ததையெல்லாம் இழந்த ஒருவர், இழந்துகொண்டிருக்கிற இன்னொருவரிடம் சொல்கிறார். கேட்டவர் 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார், 1752இல் காற்றாடிமலையில் சுடப்பட்டு இறந்தார், 2022 மே மாதம் புனிதராக அறிவிக்கப்பட்டார். தேவசகாயம் என்றால் லாசர் என்ற பெயரின் தமிழ்தான். லாசர் உயிர்பெற்றெழும் நற்செய்தி, முதல் ஆண்டு தவக்காலம் 5ஆம் ஞாயிறு, அங்கேயும் அவரை வைக்கலாம்.

எங்கள் ஓரியூர் அருளானந்தரும் அப்படித்தான். ஆகஸ்டு 29, திருமுழுக்கு யோவான் தலை வெட்டப்பட்ட நினைவு. மறவர் தலைவர் தடியத்தேவர் ஞானஸ்நானம் பெற்று ஒரே மனைவியோடு வாழ்வதென்று மற்ற மனைவியரை விலக்கியதில், அவர்களில் ஒருத்தியான, இராமநாதபுரம் மன்னர் சேதுபதியின் உறவுப் பெண் புண்பட்டு முறையிட்டதும், அதனால் 1693இல் அருளானந்தர் வெட்டுண்டதும் தன் திருமணத்தைக் கண்டித்த யோவானைக் கொல்லவைத்த ஏரோதியாள் கதையேதான். அருளானந்தரின் சொந்தப் பெயரும் யோவான், ஜான் டி பிரிட்டோ. கொஞ்சம் அந்தப் பெண்ணையும் நினைத்துச் சொல்வேன், அவள் நிலையில் யார்தான் முறையிடமாட்டார்கள்?

சரி, உன் ஞாயிறுக்கு வருகிறேன். உன் ஊரில் ஜீப் நிற்கிற இடத்துக்குப் போய் நின்று பார். ஏறுகிறவர்களைப் பார்க்காதே. யார் நிற்கிறார்கள் என்று பார்.

முத்துநகர் உப்பளத்தான் எழுதியது:

உபதேசியார் ஐயா சொன்ன ‘தாண்டிப்போகிற வரி’ எனக்கு ஒன்றை நினைவுபடுத்துகிறது. முதல் ஆண்டு 5ஆம் ஞாயிறு, ‘நீங்கள் மண்ணுலகிற்கு உப்பாய் இருக்கிறீர்கள்’. உப்பு இல்லாத சாப்பாடு ருசிக்காது என்று ஆரம்பித்து எல்லோரும் சாப்பாட்டுக்கே போய்விடுகிறார்கள். ‘உப்பு உவர்ப்பற்றுப் போனால்’ என்ற இடத்தில் ஒருவரும் நிற்பதில்லை. உப்பு எப்படி உவர்ப்பற்றுப் போகும் என்று சின்ன வயதில் நான் கேட்டிருக்கிறேன், பதில் கிடைத்ததில்லை.

தூத்துக்குடி உப்பளத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் கண்ணால் பார்த்தேன். பாத்தியில் வாரிய உப்பைக் கரையில் குவித்துவைப்போம், மழைக்கு முன்னால் பனை ஓலை போட்டு மூடவேண்டும். ஒரு வருடம் ஓரத்துக் குவியல் ஒன்று மூடாமல் விட்டுப்போனது. மழை ஓய்ந்து போய்ப் பார்த்தால் குவியல் பாதியாகக் கிடக்கிறது, வெள்ளையாகத்தான் இருக்கிறது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன், மண்ணும் சுண்ணாம்பும் கலந்த மாதிரி ஒரு சப்பு. உப்பு கரைந்து போய்விட்டது, அதோடு கலந்திருந்தது மட்டும் நிற்கிறது. பெரியவர் ஒருவர் அதைக் கூடையில் அள்ளி, சேறாகக் கிடந்த நடைவரப்பில் கொட்டச் சொன்னார். அன்று முழுக்க அதன் மேல் மிதித்துத்தான் நடந்தோம். ‘வெளியில் கொட்டப்பட்டு மனிதரால் மிதிபடும்’, எழுத்துக்கு எழுத்து. பார்க்க உப்பாகவே இருந்தது என்பதுதான் எனக்கு இன்றும் மனதை அறுக்கிறது.

மேகமலைத் தம்பி எழுதியது:

சிஸ்டர், கோபமெல்லாம் இல்லை. கழுகை அழித்துவிட்டேன். ரயில் கதையையும்.

அக்கா, உங்களுக்கு இது உதவுமா பாருங்கள். 25, 26, 27 மூன்று ஞாயிறும் தொடர்ந்து திராட்சைத் தோட்டம்தான் வருகிறது. நம் கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அப்போது வந்த செய்தியில் அந்தத் திராட்சையைத் தமிழ்நாட்டுக்கு 1832இல் கொண்டுவந்தவர் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் என்று போட்டிருந்தார்கள். இராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டிப் பக்கம் பந்தலுக்குக் கீழே வளர்ந்தவர்களுக்கு இதைவிட நெருங்கிய வாசகம் இருக்காது.

சுருளிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஞாயிறு முடிந்தது, நடந்ததை எழுதுகிறேன்.

ஐயா சொன்னபடி வெள்ளிக்கிழமை அம்மாவோடு ஜீப் நிற்கும் இடத்துக்குப் போனேன். நாலே முக்காலுக்கு மூன்று ஜீப்பும் நிறைந்துவிட்டது. இரண்டு பேர் நின்றார்கள். மூட்டு வலிக்காரப் பெரியம்மா ஒருவர். தோட்டத்தில் மேடு ஏறமுடியாது என்று டிரைவருக்குத் தெரியும், ‘நாளைக்குப் பாப்போம்’ என்றுவிட்டார். இன்னொருவர் கைக்குழந்தைக்காரி அக்கா. ஜீப் கிளம்பி அதன் பின்விளக்கு திரும்பும் வரை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பெரியம்மா தூக்குவாளியைத் திறந்து, அங்கேயே கல்லில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்துவிட்டார். மத்தியானத்துக்குக் கட்டியது. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன், எனக்கும் ஒரு வாய் கொடுத்தார்.

சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போய், இதைக் கோயிலில் சொல்லலாமா என்று கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்தார். ‘சொல்லு. பாவம்னு மட்டும் சொல்லாத’ என்றார்.

ஞாயிறு நான் சொன்னது கொஞ்சம்தான். தோட்டக்காரர் ஆள் தேடி எத்தனை தடவை வந்தார் என்று கேட்டேன். விடியல், ஒன்பது, பன்னிரண்டு, மூன்று, ஐந்து என்று பெண்கள் பக்கமே எண்ணிச் சொன்னார்கள். பின்னாலிருந்து ஒரு தாத்தா, ‘நம்ம ஜீப்பு ஒரு தடவதான வரும்’ என்றார். அதற்கு மேல் ஜீப்பைப் பற்றியும் தூக்குவாளியைப் பற்றியும் நாலு வார்த்தை சொல்லிவிட்டு, ‘எங்களை எவரும் வேலைக்கு அமர்த்தவில்லை’ என்ற வரியை மறுபடி வாசித்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். ஆறு நிமிடம் ஆகியிருக்கும். ஒருவரும் தூங்கவில்லை.

வெளியே வந்ததும் சண்டைதான். நாள் முழுக்க வெயிலில் நின்றவளுக்கும் ஒரு மணி நேரம் நின்றவளுக்கும் ஒரே கூலி என்றால் அது நியாயமே இல்லை என்று அம்மாவும் இன்னும் நாலைந்து பேரும். பெரியம்மா அவர்களோடு சேர்ந்துகொண்டு, ‘எனக்கும் அது நியாயமாத் தெரியல’ என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை, சொல்லவும் இல்லை. வீட்டுக்கு வந்து சோறு போடும்போதும் அம்மா அதையேதான் பேசிக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு சாமி வருகிறார். அதற்கடுத்தது, 27ஆம் ஞாயிறு, எனக்கு. எசாயாவின் திராட்சைத் தோட்டப் பாட்டு. அதற்காகப் பக்கத்துத் தோட்டத்தில் கவாத்து நடப்பதைப் போய்ப் பார்த்தேன். வெட்டிய கொடி நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது, கையை நீட்டினேன், உள்ளங்கை நனைந்தது. ‘கொடி அழுவுது, ரெண்டு நாள்ல நின்னுரும்’ என்றார் வெட்டியவர். எசாயாவில் இதற்கு இடமில்லை. ‘நானே உண்மையான திராட்சைக்கொடி’ இரண்டாம் ஆண்டு பாஸ்கா காலம் 5ஆம் ஞாயிறுதான் வருகிறது. நீளக் கணக்கு நோட்டு ஒன்று வாங்கி, அந்தப் பக்கத்தில் நீல மையில் தேதி போட்டு எழுதிவைத்திருக்கிறேன்.